கூரையில்லாத அறை

அன்புள்ள ஐயா,

கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். முற்றம், திறந்தவெளி, தாழ்ந்த வீடுகள் என்பதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜன நெருக்கடி மிகுந்த மும்பையில் அதற்கு இடம் ஏது? ஏழைக்கு வீடு கொடுக்க மாடிமேல் மாடி கட்டுவதைத் தவிர வேறு வழி உண்டா?

ர.

அன்புள்ள ர.,

கொரியாவும் இந்த இடநெருக்கடிக் கணக்கிலிருந்துதான் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் குஜராத்தில் மலிவு வீடுகளுக்கு ஒரு போட்டி நடந்தது. கேட்கப்பட்டவை லிஃப்ட் இல்லாத அடுக்குமாடிகள். கொரியா நீண்டு ஒடுங்கிய வரிசை வீடுகளை வரைந்து, அதே நிலத்தில் அத்தனை குடும்பங்களையும் குடிவைக்கலாம் என்று காட்டிப் பரிசு பெற்றார். உள்ளே சூடேறும் காற்று சரிந்த கூரையை ஒட்டி மேலேறி உச்சித் திறப்பு வழியே வெளியேறும். கதவருகே புதுக்காற்று நுழையும். மாடிகள் உயர உயரக் கட்டடங்களுக்கு நடுவே விடவேண்டிய வெளியும் கூடிக்கொண்டே போகிறது. மிச்சமாகும் நிலம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

1980களில் நவி மும்பையின் பேலாப்பூரில் அவர் கட்டிய குடியிருப்பைப் பாருங்கள். எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் முற்றம், அதைச் சுற்றி ஏழு வீடுகள். அப்படி மூன்று கொத்துகள் சேர்ந்து இன்னொரு பெரிய வெளியைச் சூழ்ந்திருக்கும். எவருக்கும் மனை ஏறத்தாழ 45 முதல் 75 சதுர மீட்டருக்குள்தான். வருமானம் கூடியவருக்கென்று பெரிய மனை கிடையாது. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவரும் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மகனுக்குக் கல்யாணம் ஆனால், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால், அண்டை வீட்டாரைத் தொந்தரவு செய்யாமல் ஓர் அறை கூட்டிக் கட்டிக்கொள்ளலாம். எட்டாவது மாடியில் இருப்பவர் என்ன செய்வார்? மழைக்காலம் போக ஆண்டின் பெரும்பகுதி முற்றமே சமையலுக்கும் படுக்கைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவும். கூரை போடாததால் மிக மலிவான அறையும் அதுவே.

அங்கே பழைய ஓட்டு வீடுகள் பலவற்றை இடித்துக் காங்கிரீட் மாடிகள் எழுப்பிவிட்டார்கள். இதைக் கொரியாவின் தோல்வி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீட்டை மாற்றிக்கொள்ளும் உரிமையைக் குடியிருப்பவர் கையில் கொடுத்தவரே அவர்தான்.

அவர் உயர்ந்த கட்டடங்களுக்கு எதிரியும் அல்ல. மும்பையில் 1983இல் முடிந்த அவருடைய காஞ்சன்ஜங்கா அடுக்குமாடிக் குடியிருப்பு 84 மீட்டர் உயரம். மேற்கே கடற்காற்று உண்டு. கடும் வெயிலும் மழைச்சாரலும் அதே திசையில்தான் வரும். பழைய பங்களாக்களின் சுற்றுத் தாழ்வாரத்தை நினைவில் வைத்து, மூலைகளில் இரண்டு மாடி உயரத் தோட்ட மாடங்களை அமைத்தார். ஆனால் அது வசதி படைத்தவர்களுக்கான கட்டடம். ஏழைக்கு அதை அவர் பரிந்துரைக்கவில்லை.

இடம் ஏது என்று கேட்டீர்கள். கொரியா, கட்டடக் கலைஞர் பிரவீணா மேத்தா, பொறியாளர் ஷிரிஷ் படேல் மூவரும் 1960களிலேயே மும்பை விரிகுடாவுக்கு அக்கரையில், இன்றைய நவி மும்பையில், அந்த இடத்தைக் காட்டினார்கள். அந்தப் புது நகரத்தை உருவாக்க 1970இல் சிட்கோ என்ற மகாராஷ்டிர அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. வேலையும் ரயிலும் முதலில் போனால் மக்கள் பின்னால் போவார்கள் என்பது திட்டத்தின் உயிர்நாடி. அரசோ தலைமைச் செயலகத்தைத் தென்மும்பையிலேயே வைத்துக்கொண்டது. புறநகர் ரயில் நவி மும்பையின் வாஷிக்கு வந்து சேர்ந்தது 1992இல்.