ரேஷன் அரிசியில் மிதப்பது பிளாஸ்டிக்கா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். எனக்கு இது ஐந்தாம் மாதம். ஹீமோகுளோபின் 9 என்றார்கள். ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மிதக்கின்றன. பிளாஸ்டிக் அரிசி என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்ததிலிருந்து மாமியார் அவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுகிறார். சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்குமாம். பீட்ரூட் சாறு மட்டும் குடித்தால் போதுமா டாக்டர்?

பதில்: போதாதம்மா. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் குறையக் கூடாது. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த 9 தான்.

முதலில் அரிசி. மிதப்பவை செறிவூட்டிய மணிகள். அரிசியை மாவாக்கி, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து பிசைந்து, சேவை பிழிவதுபோல இயந்திரத்தில் பிழிந்து, அரிசி அளவுக்கு வெட்டிக் காயவைக்கிறார்கள். சாதா அரிசி நூறு பங்குக்கு இது ஒரு பங்கு. எடை குறைவு என்பதால் மிதக்கும், நிறமும் கொஞ்சம் மாறித் தெரியும். ரேஷனில் இதைக் கொடுக்கப்போவதாக 2021 சுதந்திர தினத்தன்று பிரதமர் அறிவித்தார். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. அந்த இடத்தில்தான் வீடியோ நுழைந்துவிட்டது.

மாமியாரின் பயத்தில் தப்பில்லை, வீட்டுக்கு வரப்போகிற பிள்ளைக்காகத்தான் பார்க்கிறார். அவரையே சோதிக்கச் சொல்லுங்கள். அந்த மணிகளை மட்டும் தனியாக வேகவைத்து விரலால் நசுக்கினால் சோறாக மசியும். பிளாஸ்டிக் மசியாது. சோற்று உருண்டை பந்துபோல எகிறுவதைக் காட்டுகிறார்களே, வெந்த மாவுச்சத்தின் பசையும் உள்ளே அடைபட்ட காற்றும்தான் அதற்குக் காரணம். எந்த அரிசியிலும் அப்படிச் செய்யலாம்.

சரி, இந்த அரிசியே ரத்தத்தை ஏற்றிவிடுமா? அதுவும் இல்லை. ஒரு கிலோவில் இருக்கும் கூடுதல் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம். நீங்கள் ஒரு நாளில் சாப்பிடுவது அதில் கால் பங்கோ கொஞ்சம் கூடவோ இருக்கும், உடம்பில் சேருவது அதிலும் சிறு பகுதிதான். இரும்புச்சத்து மாத்திரை ஒன்றிலேயே 60 மில்லிகிராம் இருக்கிறது. 9 உள்ளவருக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், இலவசமாகவே தருவார்கள்.

குழந்தையின் நிறம் உங்கள் இருவர் வழியில் வருவது, மாத்திரைக்கு அதில் பங்கே இல்லை. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள், டீ, காபிக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

பீட்ரூட் சிவப்பு வெறும் நிறம்தான், அதில் இரும்பு மிகக் குறைவு. நம் பக்கத்துக் கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் நல்லதுதான், கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். மீன், முட்டை சாப்பிடுகிற வீடென்றால் தயங்காமல் சாப்பிடுங்கள்.

குடும்பத்தில் யாருக்காவது தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். ஒரு புள்ளியாவது ஏறவில்லை என்றால் காரணம் தேட வேண்டும், இரும்பு ஊசியும் தேவைப்படலாம். மூச்சு வாங்கினாலோ படபடப்பு வந்தாலோ அதுவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.