போவான்

கடிதம்:

மதிப்புக்குரிய சேர், அக்கரைப்பற்றில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ‘ஐ யூஸ்ட் டு சுவிம்’ என்பதையும் ‘ஐ ஆம் யூஸ்ட் டு சுவிமிங்’ என்பதையும் அவர்கள் ஒன்றாகவே எடுக்கிறார்கள். தமிழில் இதற்கு ஈடான வடிவம் இல்லாததுதான் காரணமா? ‘யூஸ்ட்’ என்பதன் கடைசி ஒலியை அழுத்திச் சொல்ல வேண்டுமா?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உச்சரிப்பை விடுங்கள், அந்த ஒலி ‘டு’வோடு கரைந்துவிடும், ஆங்கிலேயர் வாயிலும் அப்படித்தான். முதல் வாக்கியம் முன்பு நீந்தியதைச் சொல்கிறது. இரண்டாவது, நீச்சல் பழகிப்போனதைச் சொல்கிறது. ‘டு’வுக்குப் பின்னால் ‘இங்’ வருகிறதா என்று பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் தமிழில் வடிவம் இல்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? வீட்டு மூத்தவர்களிடம் இளமைக்காலத்தைக் கேட்டுப் பாருங்கள். ‘அப்ப நாங்க சாமத்தில எழும்பி வயலுக்குப் போவம்’ என்பார்கள். ‘போவோம்’ எதிர்கால வினைமுற்று என்று வகுப்பில் எழுதிப் போட்டுவிட்டு, வீட்டில் அதே சொல்லால் பழங்கதை பேசுகிறோமே, அதை ஒருநாளாவது கவனித்தீர்களா? ‘தீ சுடும்’ என்பதில் முக்காலமும் அடங்குவதுபோல, வழக்கமாக நடப்பதெல்லாம் இந்த வடிவத்துக்குள் அடங்கும். ‘யூஸ்ட் டு’ என்றால் இப்போது அது இல்லை என்பதும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். நமது ‘போவோம்’ அப்படி எதையும் முடித்துவைப்பதில்லை, முடிந்ததா இல்லையா என்பதை ‘அப்ப’ போன்ற பக்கத்துச் சொல்தான் காட்டவேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்துபோன பிறகு, மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு முகாமில் வெளிநாட்டு உதவியாளர் ஒருவருக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். காணாமற்போன மகனைப் பதிய வந்த தாய், ‘என்ட மகன் விடியக் கருக்கலில தோணியில போவான்’ என்றார். ‘அப்ப’ என்றோ ‘முந்தி’ என்றோ அவர் சொல்லவில்லை. நான் யோசிக்காமல் ‘ஹீ யூஸ்ட் டு கோ’ என்றேன். உதவியாளர் அதைப் படிவத்தில் அப்படியே எழுதினார். அவன் இனிப் போகமாட்டான் என்று தாய் சொல்லவில்லை, மகள், நான் சொன்னேன்.

அந்தத் தாய் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘என்ன மகன் எழுதின?’ என்று கேட்டார். பேனையை வாங்கி, ‘யூஸ்ட் டு கோ’வை வெட்டி ‘கோஸ்’ என்று எழுதினேன். உதவியாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு ஆங்கில இலக்கணம் அவ்வளவுதான் என்று நினைத்திருப்பார்.