வாசகர் கேள்வி: கிறிஸ்டீன் ஏன் எதிர்த்தரப்புக்குப் போனாள்?

('முடிவை வெளியே சொல்லாதீர்கள்' என்று படமே கேட்டுக்கொள்கிறது. பில்லி வைல்டரின் 'விட்னஸ் ஃபார் த பிராசிக்யூஷன்' (1957) பார்க்காதவர்கள், பார்த்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வாருங்கள்.)

கேள்வி: கொலை வழக்கில் சிக்கிய கணவன் லெனார்டைக் காப்பாற்றத்தானே கிறிஸ்டீன் நினைத்தாள்? அவனுக்கே சாட்சி சொல்லியிருக்கலாமே!

பதில்: 'அவர் அப்போது வீட்டில்தான் இருந்தார்' என்று ஆசை மனைவி சொன்னால் எந்த ஜூரி நம்பும்? அதனால் அவள் அரசுத் தரப்புக் கூண்டில் ஏறி உண்மையையே சொல்கிறாள். அவன் வீடு திரும்பியது இரவு 10.10க்கு, கோட்டில் ரத்தம். கொலை நடந்தது 9.30க்கும் 10க்கும் இடையில். கழுத்தில் சுருக்கு விழுந்தாயிற்று. அதன் பிறகுதான் அவளுடைய வேலையே தொடங்குகிறது. இல்லாத காதலன் 'மாக்ஸ்' பெயருக்குக் கடிதங்கள் எழுதி, மாறுவேடத்தில் வந்து அவற்றை லெனார்டின் வக்கீல் சர் வில்ஃப்ரிட்டிடமே விற்கிறாள். கடிதங்கள் கோர்ட்டில் வந்ததும் அவள் சொன்ன உண்மை முழுவதும் பொய்யாகிவிடுகிறது. பொய்யை மெய்யாக்கும் கதைகள் ஏராளம். மெய்யைப் பொய்யாக்கிக் காட்டியதுதான் இந்தக் கதையின் பெருமை.

கணவனுக்கு எதிராக மனைவி சாட்சி சொல்லச் சட்டம் தடையாயிற்றே, அவள் எப்படி எதிர்சாட்சி ஆனாள் என்றும் சிலர் கேட்கிறார்கள். அவளுடைய முதல் கணவன் உயிரோடு இருக்கிறான். ஆகவே லெனார்டோடு நடந்த கல்யாணம் சட்டப்படி செல்லாது, அந்தத் தடையும் இல்லை.

கேள்வி: விடுதலையானவன் 'நான்தான் கொன்றேன்' என்கிறானே, மறுபடி பிடிக்க முடியாதா?

பதில்: அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் முடியாது. விடுதலையான குற்றத்துக்கு மறுவிசாரணை இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான், கொலை போன்ற பெருங்குற்றங்களில் வலுவான புதிய சாட்சியம் கிடைத்தால் மீண்டும் விசாரிக்க வழி செய்தது. பொய்ச்சாட்சி வழக்கு கிறிஸ்டீனுக்குத்தான் காத்திருந்தது.

கேள்வி: கதையிலும் இதே முடிவா?

பதில்: இல்லை. அகதா கிறிஸ்டியின் 1925 சிறுகதை, அவன் குற்றவாளி என்று தனக்குத் தெரியும் என்று அவள் சொல்வதோடு முடிகிறது. லெனார்டுக்கு வேறொரு பெண் இருப்பதும், அதை அறிந்து கிறிஸ்டீன் அவனைக் கத்தியால் குத்துவதும் 1953 நாடகத்தில் வந்தவை. சர் வில்ஃப்ரிட் ஒரு கண்ணில் மட்டும் அணியும் ஒற்றைக் கண்ணாடி (மோனோக்கிள்) படத்துக்கே உரியது. முதல் சந்திப்பில் கட்சிக்காரர் முகத்தில் அதன் ஒளியைப் பாய்ச்சி அவர் ஆழம் பார்ப்பதைக் கவனியுங்கள். கடைசியில் அதே ஒளி மேஜைமேல் இருக்கும் கத்தியில் விழுகிறது. ரொட்டி நறுக்கும்போது கையைக் கீறிக்கொண்டேன், கோட்டில் இருப்பது என் ரத்தம்தான் என்று லெனார்ட் சாக்குச் சொன்ன கத்தி அது.