திருமலையில் (திருகோணமலையில்) ரேஞ்ச்ஃபைண்டர் கமரா பழக பிலிமா, டிஜிட்டலா?

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்கு எந்த ரேஞ்ச்ஃபைண்டர் நல்லது என்று கேட்டிருந்தீர்கள். காசு இருந்தால் டிஜிட்டல்தான் என்பேன். இந்த வகைக் கமராவில், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் நடுவில் தெரியும் இரட்டை உருவம் ஒன்றாகப் பொருந்தினால்தான் ஃபோகஸ் சரி, அந்தப் பொறிமுறை கொஞ்சம் விலகியிருந்தாலும் டிஜிட்டலில் உடனே பெருப்பித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், பிலிமில் 36 படமும் கழுவிய பிறகுதான் தெரியவரும். ஆனால் 2006இல் வந்த லைக்கா எம்8 என்ற டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கூட இன்னும் மலிவில்லை. பழைய பிலிம் கமராவான கெனன் கனோனெட் அதைவிட எவ்வளவோ மலிவு.

சரி, பிலிம்தான் என்றால் கறுப்பு வெள்ளை எடுத்து வீட்டிலேயே கழுவுங்கள். பிலிமில் உருவத்தை வரவைக்கும் டெவலப்பர் கரைசலுக்கு வழக்கமான வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். திருமலைக் குழாய்த் தண்ணீர் அதைவிட நல்ல சூடு, ஐஸ் வைத்துக் குளிராக்காமல் தொடங்க வேண்டாம். அப்புறம், எதை வாங்கினாலும் இந்த ஈரக் காற்றில் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள்.