கேள்வி பதில்: ஒன்று பளிச், ஒன்று மங்கல்

கே: பளிச்சென்று தெரிகிற நட்சத்திரம் பக்கத்தில் இருப்பதுதானே?

ப: சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருப்பது பிராக்சிமா சென்டாரி, 4.2 ஒளியாண்டு. வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அது உமிழும் ஒளி அவ்வளவு அற்பம். உமிழ்வு, தூரம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் நமக்கு வந்து சேரும் ஒளி கால் பங்கு. சிரியஸ் சூரியனைப் போல 25 மடங்கு ஒளிர்கிறது, 8.6 ஒளியாண்டில், பொலிவெண் (நம் கண்ணுக்குத் தெரியும் பொலிவைச் சொல்லும் எண்) -1.46. அகத்திய நட்சத்திரம் சுமார் பத்தாயிரம் மடங்கு, ஆனால் ஏறத்தாழ 310 ஒளியாண்டுக்கு அப்பால், -0.74. அதைத் தூக்கி வந்து சிரியஸ் இடத்தில் வைத்தால் -8.5 வரும். வெள்ளி கிரகமே தோற்றுவிடும்.

கே: எண் குறைந்தால் பொலிவு கூடுமா? தலைகீழாக இருக்கிறதே!

ப: பழைய கிரேக்கர்கள் ரயில்பெட்டி மாதிரி முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரித்தார்கள். ஆறாம் வகுப்பு கண்ணுக்கு எட்டும் கடைசி. 1856இல் ஆங்கிலேய வானியலாளர் நார்மன் பாக்சன் அதைக் கணக்குக்குள் கொண்டுவந்தார்: 5 எண் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு, ஓர் எண்ணுக்கு 2.512 மடங்கு. பின்னர் 1861 முதல் சாகும்வரை மெட்ராஸ் வானாய்வகத்தில் இருந்தவர் இவரே.

கே: துருவ நட்சத்திரம்தானே மிகப் பிரகாசமானது?

ப: இல்லை. பொலிவெண் 2. அசையாமல் நிற்பதால்தான் அந்தப் புகழ்.

கே: சென்னையில் பளிச்சென்று தெரிந்த அகத்தியர் டெல்லியில் ஏன் மங்கல்?

ப: சென்னையில் அது அதிகபட்சம் 24 டிகிரி உயரும், டெல்லியில் 9தான். அவ்வளவு தாழ்வில் ஒளி பல மடங்கு காற்றையும் தூசியையும் கடந்து வரவேண்டும். அடிவானத்தை ஒட்டிய நட்சத்திரத்தை உச்சியில் இருப்பதோடு ஒப்பிடாதீர்கள்.

கே: எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?

ப: இதற்குக் கண் போதும்.

கே: திருவாதிரையின் பொலிவு மாறுகிறதாமே, வீட்டிலிருந்தே அளக்க முடியுமா?

ப: முடியும். 2020 பிப்ரவரியில் அது சுமார் 1.6 வரை மங்கியது. அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்ததுதான் காரணம் என்கிறார்கள். ஜனவரிக் கடைசியில், நிலவில்லாத இரவு 9 மணிக்கு, விளக்கில்லாத மொட்டைமாடியில் 20 நிமிடம் கண்ணைப் பழக்குங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கம் புரோசியான் நட்சத்திரம் (பொலிவெண் 0.4), மறுபக்கம் ரோகிணி (0.9). தமிழ்நாட்டில் அந்நேரம் மூன்றும் 50 டிகிரிக்கு மேல் இருக்கும். திருவாதிரை பொலிவில் இரண்டுக்கும் சரிபாதியில் தெரிந்தால் 0.65 என்று குறியுங்கள்.

கே: ஃபோனில் எடுத்தேன், திருவாதிரையும் ரோகிணியும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. கண்தான் ஏமாற்றுகிறது.

ப: ஃபோனில் நடுப் பிக்சல்கள் நிரம்பி வழிந்துவிட்டன. அதற்குமேல் எவ்வளவு ஒளி வந்தாலும் அதே வெள்ளைப் புள்ளிதான்.

கே: கேமராவுக்குப் பாரபட்சம் கிடையாதே?

ப: உண்டு. திருவாதிரை செந்நிறம். சிவப்பைக் கேமரா வாங்குவதும் கண் வாங்குவதும் ஒன்றல்ல. ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்து, வெளிச்ச நேரத்தை (எக்ஸ்போஷர்) குறைத்து, பச்சை நிறப் பகுதியை மட்டும் அளந்தால் கண்ணின் கணக்குக்குக் கிட்டத்தில் வரும்.

கே: அப்போ கண் மட்டும் யோக்கியமா?

ப: அதுவும் இல்லை! செந்நிற நட்சத்திரத்தை உற்றுப் பார்க்கப் பார்க்கப் பொலிவு ஏறுவதுபோலத் தோன்றும். உங்கள் திருவாதிரை அப்படி ஏறியதாகக்கூட இருக்கலாம். ஓரிரு நொடி பார்த்துப் பார்வையை மாற்றுங்கள். மூன்று இரவு தனித்தனியாக எழுதுங்கள், முந்தைய எண்ணைப் பார்க்காமல். அடிவானத்தருகே மட்டும் வேண்டாம், சொல்லிவிட்டேன்.

கே: துருவ நட்சத்திரம்தானே...

ப: மேலே மூன்றாவது பதில்.