இரவில் பூட்டிக் கிடக்கும் கழிப்பறை: சாவி வாங்கும் முன்

கேள்வி: வட சென்னையில் எங்கள் தெருமுனையில் ஒரு பொதுக் கழிப்பறை இருக்கிறது. இரவு 9 மணிக்குப் பூட்டினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கிறார்கள். எதிரே நடைபாதையில் இருபது குடும்பங்கள் வாழ்கின்றன. பொழுது சாய்ந்தால் அங்குள்ள பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து, சாவியை வாங்கி முறைபோட்டுத் திறந்துவைக்க நினைக்கிறோம். நடக்குமா?

பதில்: நடக்கும். ஆனால் சாவியைக் கேட்பது கடைசி வேலை. முதலில் ஏன் பூட்டுகிறார்கள் என்று பாருங்கள். கேட்டால் ‘குடிகாரர் தொல்லை’ என்பார்கள். ஒரு வாரம் இரவில் போய் நின்றால் பெரும்பாலும் வேறு காரணம் தெரியவரும். டேங்க் ஏழு மணிக்கே வறண்டிருக்கும், அல்லது ராத்திரி ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள், அல்லது பெண்கள் பக்கம் பல்பே இருக்காது. தண்ணீர் இல்லாத கழிப்பறையைத் திறந்துவிட்டால் விடிவதற்குள் உள்ளே கால் வைக்க முடியாது. காலையில் வரும் தூய்மைப் பணியாளர் உங்களைத்தான் திட்டுவார். நியாயம்தான்.

தண்ணீர்க் கணக்கைத் தாளில் போடுங்கள். ஒரு தடவை போய்வர சுமார் 5 லிட்டர், ஒருவர் குளிக்க 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் 100 தடவையும், விடிகாலையில் 30 குளியலும் என்றால் 1,100 லிட்டர். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று போதாது. நடைபாதையில் இருப்பவர்களுக்குக் கழிப்பறைதான் குளியலறை, துணி துவைக்கும் இடமும் அதுதான். ‘குளிக்கக் கூடாது’ என்று பலகை மாட்டினால் பாதிப் பேருக்குக் கதவைச் சாத்தியதாகவே ஆகும்.

அடுத்தது அனுமதி. வார்டு உதவிப் பொறியாளரையும் மாமன்ற உறுப்பினரையும் பாருங்கள். மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்குங்கள். பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம் இருந்தால், ஒப்பந்தத்தில் என்ன நேரம் போட்டிருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். அதில் 24 மணி நேரம் என்று இருந்தால் நீங்கள் எதையும் புதிதாகக் கேட்க வேண்டியதில்லை, எழுதியிருப்பதை நடத்தச் சொன்னால் போதும். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுக்க, நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் வீடற்றோருக்காகச் சொன்னதையும் கடிதத்தில் சேர்க்கலாம். அது கழிப்பறையைப் பற்றிய உத்தரவு அல்ல. ஆனாலும் இரவு 9 மணிக்கு நகரம் இவர்களைக் கைகழுவ முடியாது என்று வாதிட உதவும்.

இனி ஆள். பத்து நண்பர்கள் என்கிறீர்கள். முதல் மாதம் பத்துப் பேரும் வருவார்கள், மூன்றாம் மாதம் மூன்று பேர். இதைக் குறையாகச் சொல்லவில்லை, எல்லாருக்கும் காலையில் வேலைக்குப் போக வேண்டுமே. அதனால் நிலையாக உட்காரும் ஆள் அந்த நடைபாதையிலிருந்தே வர வேண்டும், சம்பளத்தோடு. திருச்சியில் கிராமாலயா அமைப்பின் துணையோடு குடிசைப் பகுதிப் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து கழிப்பறைகளை நடத்தினார்கள். முறைபோட்டு வாசலில் உட்கார்ந்தார்கள், டோக்கன் கொடுத்தார்கள், நோட்டில் கணக்கு எழுதினார்கள். அங்குள்ள கல்மந்தை 2002-இல் திறந்தவெளிக் கழிப்பு இல்லாத குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் 2014-இல் தொடங்கிய ‘பிட் ஸ்டாப்’ கழிப்பறைகளிலும் வாசலில் சம்பள ஆள் உண்டு. சிறையிலிருந்து வந்து வேலை கிடைக்காமல் இருந்தவர்கள் பலருக்கு அந்த வேலை கிடைத்தது.

திருச்சி முறையில் ஒன்றை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள்: கட்டணம். தடவைக்கு 5 ரூபாய் என்றாலும் நான்கு பேர் குடும்பம் ஆளுக்கு மூன்று தடவை போனால் நாளுக்கு 60 ரூபாய். கூலி கிடைக்காத நாளில் அந்தக் காசு எங்கிருந்து வரும்? நடைபாதைக்காரர்களுக்கு இலவசம் என்று வைத்து, இரவு ஆளின் சம்பளத்தை மாநகராட்சியிடமோ பக்கத்துக் கடைக்காரர்களிடமோ கேளுங்கள். வாசலில் சரக்கு இறக்குபவருக்கும் ஆட்டோக்காரருக்கும் இதே கழிப்பறைதானே, கடைக்காரர்கள் தருவார்கள்.

சுத்தம் செய்வதில் உங்கள் ஆர்வம்தான் எனக்குப் பயம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், கிளம்புவது குளோரின் வாயு. சின்ன அறைக்குள் மூச்சு அடைத்துவிடும். கையுறையும் பூட்ஸும் இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். அடைப்பு ஏற்பட்டால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்து எந்திரம் வரும்வரை அந்த அறையை மூடிவையுங்கள். ஐந்நூறு ரூபாய்க்குச் சாக்கடைக்குள் இறங்க ஒருவர் தயாராக நிற்பார். இறக்கிவிடாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய பாதுகாப்புக் கருவிகளும் முன்னேற்பாடுகளும் இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது குற்றம். இறங்கியவர் பிணமாக வந்த கதைகள் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

பெண்கள் பக்கத்தில் முதலில் தாழ்ப்பாள், பிறகு பல்பு, பிறகு நாப்கின் போட மூடியுள்ள தொட்டி. பெயர், ஆதார் எதுவும் கேட்காதீர்கள். போதையில் வருபவரும் வரட்டும். அரை மணி நேரமாகக் கதவு திறக்கவில்லை என்றால் தட்டுங்கள். பதில் இல்லை என்றால் 108.

சாவி இரண்டு செய்யுங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று எதிரே நடைபாதையில் யாருடைய பேச்சுக்கு எல்லாரும் அடங்குவார்களோ அந்த அம்மாவிடம். பெரும்பாலும் அவர் உங்களுக்கு முன்பே எழுந்திருப்பார்.