பழைய கலர் சிஆர்டி (படக்குழாய்) மானிட்டரின் மூலையில் பச்சைத் திட்டு, எழுத்தும் மங்கல்: என்ன செய்யலாம்?

இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். திட்டுக்குக் காரணம் பெரும்பாலும் திரைக்குப் பின்னுள்ள ஷேடோ மாஸ்க் என்ற உலோகத் தகடு காந்தமேறியதுதான். பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் முதலில் நகர்த்துங்கள். அப்புறம் மெனுவில் டீகாஸ் (காந்தம் நீக்கும் வசதி) கொடுங்கள். மறுமுறை கொடுக்குமுன் இருபது நிமிடமாவது விடுங்கள். உள்ளிருக்கும் தெர்மிஸ்டர் (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் உறுப்பு) ஆறினால்தான் டீகாஸ் முழு வலுவில் காந்தம் நீக்கும். ஆன் செய்யும்போது 'டொம்' என்ற சத்தமே வராவிட்டால் அந்தத் தெர்மிஸ்டரையோ அதன் சால்டரையோ சந்தேகப்படலாம்.

மங்கலுக்கு, மானிட்டருக்குள் உயர் மின்னழுத்தம் தரும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரில் 'ஃபோகஸ்' என்ற திருகு இருக்கும். மயிரிழை அளவு திருப்பினாலே எழுத்து தெளிவது தெரியும். அருகிலுள்ள 'ஸ்கிரீன்' திருகைத் தொடாதீர்கள், அது வெளிச்சத்துக்கானது; கூட்டினால் சாய்வுக் கோடுகள் தெரியும்.

ஆனால் உள்ளே சுமார் 25,000 வோல்ட் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் மின்னேற்றம் தங்கும். அதை இறக்கத் தெரியாதவர் பின்மூடியைக் கழற்றவே வேண்டாம், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.